நீலக்கதவுக் கடை

அக்டோபர் 29, புதன். பினாங்கு. மழை.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடிக்கும் என்றேன், பிடித்தது. ரூமில் ஜன்னல் இருக்காது என்றேன், இல்லை. செல்வராஜ் அண்ணாச்சி குடையைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு நடுரோட்டில் நனைவார் என்றேன், நனைந்தார். மருமகன் மிக்கேல் வேலை மும்முரத்தில் வீட்டை மறப்பான் என்றும் சொன்னேன். ஐந்து மாசம் மறப்பான் என்று மட்டும் சொல்லவில்லை.

தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தது: சாப்பாட்டுச் சுற்றுலா. அண்ணாச்சிக்கு அது நிஜம். ஏரலில் மளிகைக் கடை. சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து, திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்த கையோடு விமானம் ஏறியவர். ஆறு நாள் பசியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு வேறு வேலை. தங்கச்சி லூர்துவின் மகன் மிக்கேலைக் கண்டுபிடிக்கணும். சனிக்கிழமைக்குள்.

ஞாயிறு கல்லறைத் திருநாள். இறந்தவர்கள் பேரை எழுதி மாதா கோயில் பெட்டியில் போட்டால் பூசையில் வாசிப்பார்கள். சனி சாயங்காலம் உபதேசியார் பெட்டியைப் பூட்டிவிடுவார். எங்கள் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவன் பேரை அடுத்த கல்லறைத் திருநாளுக்கு எழுதிவிடுவது வழக்கம். உடம்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். லூர்து புருஷன் பேர் அப்படி எழுதினதுதான். இப்போது பக்கத்து வீட்டுக்காரி, "மகன் பேரையும் எழுதிரு ஏளா, ஆத்துமம் காத்துக்கிட்டுக் கெடக்கும்" என்றாளாம்.

புறப்பட்ட அன்று லூர்து வாசலில் நின்று கேட்டது:

"அண்ணே, பூசைக்குக் குடுக்கணும். அவன் சுகத்துக்குன்னு குடுக்கட்டா, ஆத்துமத்துக்குன்னு குடுக்கட்டா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"ஒண்ணும் குடுக்காத. சனிக்கிழமைக்குள்ள அவன் குரலையே கேக்க வைக்கேன்."

சொன்னேன். நான் என்றைக்கு வாக்கு மாறியிருக்கிறேன்?

அவனை இங்கே அனுப்பியதும் நான்தான். ஜனவரியில். வயது இருபத்தொன்பது, புரோட்டா மாஸ்டர். கப்பலில் நான் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக இருந்த காலத்தில் இங்கே இறங்கிச் சாப்பிட்ட கடை ஒன்று உண்டு. ஃபெர்ரி நிற்கிற இடத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. நீலக்கதவு. கடலில் இருந்தே அந்த நீலம் தெரியும். உள்ளே பளிங்கு மேசை. முதலாளி ஹமீது பாய், கீழக்கரைக்காரர், மேல்வரிசையில் ஒரு தங்கப்பல். அவர் குசினியில் நான் ஒரு மீன்குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலுக்கு விடவில்லை. கேப்டன் வந்து கூட்டிப் போனார். 'என் பேரைச் சொல்லு, மறுநாளே உன்னப் புரோட்டாக் கல்லுல நிறுத்துவாரு' என்று மிக்கேலிடம் சொல்லி அனுப்பினேன். நாலு மாசம் ஒழுங்காகப் போன் வந்தது. முதலாளி நல்லவர், வேலை நல்லது என்று. பிறகு இல்லை. நம்பரும் செத்துப்போச்சு.

இன்று சாப்பிட்டது: நாசி கண்டார். சோறு, அதன்மேல் நாலு குழம்பை ஒன்றாக ஊற்றுகிறான். கணவாய், வெண்டைக்காய், கோழி. நம் ஊரில் இப்படிக் கலந்தால் பந்தியிலிருந்து எழுந்து போவார்கள். நன்றாகத்தான் இருந்தது. அண்ணாச்சி மூன்று தரம் குழம்பு வாங்கினார்.

மூன்றாவது தெருவில் வங்கி இருக்கிறது. நாலாவதில் பழைய செருப்புக் குடோன்.

"பினாங்கு உள்ளங்கை மாதிரின்னு சொன்னீருல்லாவே?" என்றார் அண்ணாச்சி.

"ஊரை மாத்திட்டானுவ அண்ணாச்சி."

"உள்ளங்கையவுமா?"

அக். 30, வியாழன். வெயில், ஒட்டுகிற வெக்கை.

முட்டி இரண்டும் வலி. தைலம் ஊரிலேயே விட்டாச்சு.

லாட்ஜ் பெண், "பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்றாள். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. லூர்து பசியாறினாளோ என்னமோ.

புது வழி ஒன்று ராத்திரியே யோசித்து வைத்தேன். கடை தெரியாவிட்டால் போகிறது, கை தெரியும். மிக்கேல் இடதுகைக்காரன். ஊரில், "பீச்சாங்கையால மாவு வீசுதான்" என்று எச்சில் துப்பிவிட்டு எழுந்து போன ஆட்கள் உண்டு. அந்தச் சொல் தாங்காமல்தான் அவன் வெளிநாட்டுக்கு ஆசைப்பட்டது. இடதுகைக்காரன் மாவை வீசிச் சுருட்டினால் சுருள் எதிர்ப்பக்கம் ஓடும். இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் உலகத்தில் நானாகத்தான் இருக்கணும். ஒன்பதாவதோடு நின்றவன்.

பார்த்த கடைகள்:

1. லிட்டில் இந்தியா முக்கு. ரொட்டி சனாய், இந்த ஊர்ப் புரோட்டா. சதுரமாக மடிக்கிறான், சுருளே கிடையாது.
2. எதிர்க்கடை. அதுவும் சதுரம். குழம்பில் இனிப்பு.
3. மரத்தடி வண்டி. சுருள் உண்டு. வலது.
4. கோயில் பக்கம். வலது. அண்ணாச்சிக்கு முட்டை போட்டது இரண்டு.
5. மார்க்கெட்டுக்குப் பின்னால். இடது!

தட்டோடு எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே ஐம்பது வயசு ஆள், தொப்பை, தலையில் துண்டு.

"என்னங்கய்யா, ரொட்டி சரியில்லையா?"

"எந்தக் கையால சுட்டீங்க?"

"என் கையாலதான்."

வெளியே வந்தேன். ஆறாவது கடையிலும் இடது. ஏழாவதிலும். அண்ணாச்சி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, என் தட்டில் கிடந்த ரொட்டியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டார். வலது. மறுபடி கவிழ்த்தார். இடது.

"இப்பிடிப் பெரட்டிப் பெரட்டிப் பாத்தா பினாங்கு பூராவும் உம்ம மருமவன்தான்வே."

பக்கத்து மேசைக்காரன்வரை சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது தண்ணீர் கேட்டுக் குடிக்க வேண்டியிருந்தது.

மாலை 4, செண்டோல். ஐஸ், தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரி ஒரு பாகு, பச்சையாகப் புழுப் போல் மாவு. நம் உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டால் இவர்கள் பாகு பக்கத்தில் நிற்காது. கடைக்காரியிடமே சொன்னேன். தமிழ் தெரியாத சீனத்தி, தலையை ஆட்டினாள்.

ரூமுக்கு வரும்போது லூர்து போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். "கடையக் கண்டியா அண்ணே? பாயப் பாத்தியா?" பதில் அனுப்பினேன்: தெருவைக் கண்டுபிடிச்சாச்சு, கதவுதான் பாக்கி.

அக். 31, வெள்ளி. விட்டு விட்டுத் தூறல்.

வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன். அதனால் காலையில் மீன் லக்ஸா. நூடுல்ஸைப் புளிபோட்ட மீன் சாற்றில் முக்கித் தருகிறார்கள். மீன் கானாங்கெளுத்தி இனம்தான், ஒரு வாயில் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இரண்டாவது கிண்ணம்.

மதியம் சார் குவே தியாவ். வறுத்த பட்டை நூடுல்ஸ், இறால் போட்டது. பெரிய நெருப்பில் இரும்புச் சட்டியைப் போட்டுப் புரட்டுகிறான். சாப்பிட்டு முடித்த பிறகு அண்ணாச்சி விசாரித்துவிட்டு வந்து சொல்கிறார், பன்றிக் கொழுப்பில் வதக்கியதாம். "நீரு வெள்ளிக்கிழமை சுத்தமாவே?" முகத்தில் அத்தனை சந்தோஷம். ஊருக்குப் போனதும் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துச் சொல்லணும்.

நீலக்கதவுகள் இதுவரை பதினேழு. தையல் கடை, சவப்பெட்டிக் கடை, ஒரு பள்ளிக்கூடம். ஒன்றிலும் ஹமீது பாயைத் தெரியாது. தங்கப்பல் என்று பல்லைக் காட்டிக் கேட்டால் பல் டாக்டர் இருக்கிற பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

மதியத்துக்கு மேல் லூர்துவின் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுத்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் பெட்டி பூட்டிருவாவ அண்ணே."

"தெரியும்."

"அவுக அப்பா பேரு எழுதுன கடுதாசியில கீழ எடம் விட்டு வச்சிருக்கேன்."

மழை என்றேன், சரியாகக் கேட்கவில்லை என்றேன், வைத்துவிட்டேன். மழை அப்போது இல்லை.

ஃபெர்ரிப் பக்கம் ஒரு டீக்கடை. தே தாரிக் ஆற்றுகிற ஆள் இந்த ஊர்த் தமிழன், முப்பத்தைந்து இருக்கும். இரண்டு கோப்பைக்கு நடுவே ஒரு முழத்துக்கு மேல் இழுக்கிறான். ஆசை இல்லாமல், பழக்கத்தில் கேட்டேன். நீலக்கதவு, ஹமீது பாய், தங்கப்பல்.

ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

"அண்ணே, நீங்களுமா?"

"என்ன நீங்களுமா?"

"இந்த வருஷ ஆரம்பத்துல ஒருத்தரு வந்தாருண்ணே, பெட்டியத் தூக்கிக்கிட்டு. இதே நீலக்கதவு, இதே தங்கப்பல்லு. ரெண்டு நாளு தெருத் தெருவா. நாங்கெல்லாம் சிரிச்சிட்டோம் லா. மூணாவது நாளு இந்தா, இந்தப் படியில உக்காந்து அழுதாரு. அப்பறம் யாரும் சிரிக்கல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"டீ எந்தக் கையால குடிச்சான்?"

யோசித்தான். "இடது கை. ஆமாண்ணே, இடதுதான்."

இப்போது எங்கே என்று கேட்டதும் முகம் மாறியது. நான் யார், போலீஸா, ஏஜெண்டா என்று விசாரித்தான். பாஸ்போர்ட்டைக் காட்டினேன், ஊரில் கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். "பெர்மிட் இல்லாத ஆளுண்ணே. அவரக் கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். நாளைக்கு மத்தியானம் வாங்க."

கண்டுபிடித்துவிடுவேன் என்று நான் சொன்னேனா இல்லையா.

திரும்பும் வழியில் ஒரு பலகாரக் கடையைத் தாண்டினோம், அண்ணாச்சி அங்கே நிற்கவில்லை.

நவம்பர் 1, சனி. காலையில் இருந்தே மழை.

பசியாறவில்லை. அண்ணாச்சி இட்லி வாங்கி வைத்தார், அப்படியே இருந்தது.

டீக்கடைக்காரன் கூட்டிப் போனான். சந்து, சாக்கடை, பின்வாசல். பச்சைக் கதவு. உள்ளே பெரிய பாத்திரத்தில் மாவு, அதன்மேல் குனிந்து ஒருத்தன். தோள்பட்டை எலும்பு தெரிகிறது. நிமிர்ந்தான். இரண்டு கையும் முழங்கைவரை மாவு. தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"மாமா, சாப்ட்டீங்களா?"

ஒன்பது மாசத்துக்குப் பிறகு நேரில் கேட்ட முதல் வார்த்தை அது. பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் மாவு. 'சட்ட, மாமா, சட்ட' என்கிறான்.

கடைக்கார அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். மிக்கேல் எங்களுக்கு ரொட்டி போட்டான். வாசல் கல்லுக்கு அவன் போவதில்லை, யாராவது வந்து பிடித்தால் என்னாகும் என்று. பின்னால் ஒரு சின்னக் கல். நான் சுருளைப் பார்க்கவில்லை. தேங்காய் எண்ணெயும் டால்டாவும் கலந்த நம் ஊர் மணம். நாலு தின்றேன்.

ஏன்லே போன் பண்ணவில்லை என்று கேட்டேன். அடிக்கத்தான் நினைத்திருந்தேன், கேள்வியாக வந்துவிட்டது.

"அம்மா வீடியோவுல வாலேன்னு சொல்லும். நீலக்கதவக் காட்டு, முதலாளியக் காட்டு, ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன்னு. நாலு மாசம் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். பாய் தொழுவப் போயிட்டாரு, பாய் தூங்குதாரு. கடைசியில பாயோட பேரப்பிள்ளைக்குன்னு மக்ரூன் வாங்கிப் பொதிஞ்சு வச்சிருக்கேன், யார்ட்டக் குடுத்துவிடன்னு கேட்டுது. அன்னைக்குத்தான் சிம்மக் கழட்டிப் போட்டேன்."

"உள்ளதச் சொல்லியிருக்கலாம்லாடே."

"என்னன்னு மாமா? அப்பா போன பெறவு அம்மா நம்புதது உங்க ஒருத்தரத்தான். அதையும் நான் எடுக்கவா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எழுந்து போய்த் தண்ணீர் ஜக்கை நிரப்பினார். அது நிரம்பித்தான் இருந்தது.

"மாமா, ஒண்ணு கேட்டாக் கோவப்பட மாட்டீங்களே. அந்தக் கடை எந்தத் தெரு?"

"இடிச்சிருப்பானுவ, மிக்கேலு."

மாவைத் துணி போட்டு மூடினான். "ஆமா மாமா. இடிச்சிருப்பானுவ."

மாலை 6. ஊரில் அப்போது மூன்றரை. பேசமாட்டேன் என்றான். நான் நம்பரைப் போட்டு அவன் காதில் வைத்துவிட்டேன். லூர்து கோயில் முற்றத்தில் இருந்தாள், புறா சத்தம் கேட்டது.

"அம்மா."

"லே... மிக்கேலு... தின்னியாலே?"

அவன் பேசியதை எழுதமாட்டேன். கால்மணி நேரம். கடைசியில் லூர்து சொன்னது எனக்கே கேட்டது, "முதலாளி பக்கத்துல இருக்காரா? குடு, ரெண்டு வார்த்த பேசணும்." மிக்கேல் என்னைப் பார்த்தான். போனை வாங்கினேன்.

சத்தியமாக, உள்ளதைச் சொல்லத்தான் வாங்கினேன். வாய் தன்பாட்டில் போனது.

"லூர்து, ஹமீது பாய் தவறிட்டாரும்மா. அஞ்சு மாசமாச்சு. கடைய மூடிட்டாவ, இடிச்சிட்டாவ. அத உன்ட்டச் சொல்ல மாட்டாமத்தான் பயல் போன் பண்ணல."

எல்லாக் கணக்கும் ஒரே வரியில் நேராகிவிட்டது. இந்த மாதிரி யாருக்கு வரும்? அண்ணாச்சி ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

லூர்து அழுதாள். மகன் குரலைக் கேட்டபோது அழாதவள், ஹமீது பாய்க்கு அழுதாள்.

"அவரு முழுப்பேரு என்ன அண்ணே?"

"எதுக்கு?"

"பெட்டி இன்னும் பூட்டல. கடுதாசியில எடம் கெடக்கே. எம்பிள்ளைக்குச் சோறு போட்ட மனுசன், அவரு பேர எழுதிப் போடுதேன்."

"அவரு துலுக்கருல்லா."

"இருக்கட்டும். மாதாவுக்குத் தெரியும்."

நவ. 2, ஞாயிறு. வெயில். சுத்தமான வானம்.

நாளை ஃபிளைட். மிக்கேல் எங்களோடு வரமுடியாது. தூதரகத்துத் தாள், இங்குள்ள அதிகாரியின் முத்திரை, இரண்டும் ஆனபிறகுதான். கடைக்கார அம்மா தானே கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான் என்று லூர்துவிடம் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

காலையில் பொதி கட்டிக் கொடுத்தான், புரோட்டா ஆறு. அண்ணாச்சி வாசனை பிடித்துவிட்டு, "நம்ம ஊருல எந்திரிச்சுப் போனானே, அவன் வாயில இதத் திணிக்கணும்வே" என்றார். பயல் சிரித்தான். பல் எல்லாம் தெரிந்தது.

வாங்க வேண்டியது: ஜாதிக்காய் ஊறுகாய். தைலம். லூர்துக்கு ஏதாவது.

மதியம் லூர்து பேசினாள். பேர் வாசித்தாயிற்று. உபதேசியார் கடுதாசியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாராம், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையாம். சாமியார் நல்லா நிறுத்தி வாசித்தாராம், அவள் புருஷன் பேருக்கு அடுத்து. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு மெழுகுதிரி ஏற்றினாளாம். காற்றில் புருஷனுடையது அணைந்துபோச்சாம். "பாயோடது நின்னு எரிஞ்சுது அண்ணே. நல்ல ஆத்துமம்."

அண்ணாச்சி கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார், "யாருவே அந்த ஹமீது பாய்?" நான் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று கப்பல் இங்கே நின்றது நிஜம். வெளியே நங்கூரத்தில் நாலு நாள். மற்றவர்கள் இறங்கினார்கள். எனக்குக் காய்ச்சல், கரையிறங்கப் பாஸ் கொடுக்கவில்லை. நான் இந்த மண்ணில் கால் வைத்தது இந்தப் புதன்கிழமைதான். மேல்தட்டில் படுத்துக்கிடந்தபோது கரையில் ஒரு நீலம் தெரிந்தது. கதவோ, தார்ப்பாயோ. அங்கே ஒருத்தர் எனக்குச் சோறு போடுவதாக நாலு நாளும் நினைத்துக்கொண்டு கிடந்தேன். பேரும் பல்லும் நான் வைத்தது. ஹமீது பாய் என்று ஒருத்தர் இல்லை.